உமிச் சாம்பலும் நனோ போத்தலும்

2021 காலபோகத்தில் நனோ என்ற சங்கதி வன்னிக்கு ஒரு போத்தலாக வந்து சேர்ந்தது. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை விழுந்தது. விதைப்பு நெருங்கியபோது யூரியாவும் இல்லை, சேதனப் பசளையும் போதவில்லை. ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் என்ற திரவம், அதாவது நனோ யூரியா, வரத் தொடங்கியது. நவம்பர் தொடக்கத்தில் இந்திய விமானப்படையின் சரக்கு விமானங்கள் 100 தொன் கொண்டுவந்து இறக்கின. பசளை கப்பலில் வரும், லொறியில் வரும். ஆகாயத்தால் வந்து எங்கள் சனம் அதுவரை கண்டதில்லை.

எங்கள் வயல் உருத்திரபுரம் பக்கம், இரணைமடுத் தண்ணீர் பாய்கிற நிலம். பெரியப்பாதான் செய்கிறார். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் மனிதக் கலங்களை வளர்ப்பது என் தொழில் என்று அவருக்குத் தெரியும். அதற்கு ஒருவர் சம்பளம் தருகிறார் என்பதுதான் அவருக்கு இன்றுவரை நம்பமுடியாத விஷயம். ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்: "பிள்ளை, உது கண்ணுக்குத் தெரியாத தூளாம். மெசினில ஊத்தி அடிக்கேக்கை மேலில படும், மூக்காலயும் போகும். ஒண்டும் செய்யாதோ?"

விளைச்சலைப் பற்றி அவர் கேட்கவில்லை. அந்தக் கணக்கை அவரே போட்டு முடித்துவிட்டார். அரை லீற்றர் போத்தலில் 4 வீதம் நைதரசன் என்றால் 20 கிராம். 50 கிலோ யூரியா மூட்டையில் 46 வீதம் என்றால் 23 கிலோ. "இருவது கிராம் எங்கை, இருவத்திமூண்டு கிலோ எங்கை?" என்றார், அவ்வளவுதான். (பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகம் பிறகு செய்த வயற் பரிசோதனைகளிலும் வழமையான யூரியாவின் ஒரு பகுதியைக் குறைத்து நனோ யூரியா அடித்த இடங்களில் நெல் விளைச்சல் குறைந்ததாகவே வந்தது. பெரியப்பாவுக்கு அந்தப் பரிசோதனை தேவைப்பட்டிருக்காது.)

அவர் கேட்ட மற்றக் கேள்விக்குத்தான் என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. யூரியா எங்களுக்குப் புதிய பொருளல்ல. எங்கள் ஈரலே அதைச் செய்கிறது. வளர்ந்த ஓர் ஆள் நாளுக்கு 20, 30 கிராம் யூரியாவைச் சிறுநீரோடு வெளியேற்றுகிறார். அது தண்ணீரில் தாராளமாகக் கரையும். கரைந்துவிட்ட யூரியாவில் துணிக்கை என்று எதுவும் மிஞ்சாது. ஆகவே அந்தத் திரவத்துக்குள் சொல்லப்படுகிற 20 முதல் 50 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) துணிக்கை உண்மையிலேயே இருந்தால், அதைக் கரையவிடாமல் வேறு ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கவேண்டும். அந்த வேறு ஏதோ ஒன்று என்ன? பாதுகாப்புப் பற்றிய கேள்வி யூரியாவைப் பற்றியதல்ல, அதைப் பற்றியது. பெரியப்பாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: காற்றுக்கு முதுகைக் காட்டி அடியுங்கோ, முகத்தைக் கட்டுங்கோ, மேல் கழுவுங்கோ. தோல் நல்ல மதில். வெயிற்பூச்சுக் கிறீம்களில் உள்ள தைத்தானியம் ஈரொட்சைட்டு, நாக ஒட்சைட்டு நனோ துணிக்கைகள் காயமில்லாத தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை என்று திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அதே பொருட்களை விசிறுகிற வடிவில் விற்பதற்கு மட்டும் ஐரோப்பாவின் நுகர்வோர் பாதுகாப்பு விஞ்ஞானக் குழு சம்மதிக்கவில்லை. நுரையீரல் மதில் அல்ல, வாசல்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே காலபோகம் முடிவதற்குள் பெரியப்பா கொரோனாவுக்கான பூஸ்டர் ஊசியும் போட்டுக்கொண்டார். பைசர் ஊசி. அதற்குள் இருந்தது ஏறத்தாழ 100 நனோமீற்றர் அளவுக்குள் அடங்குகிற கொழுப்புத் துணிக்கைகள். அவை தோலில் தற்செயலாகப் பட்டவை அல்ல. கலத்துக்குள் நுழையவேண்டும் என்றே வடிவமைத்து, ஊசியால் தசைக்குள் ஏற்றப்பட்டவை. போத்தலுக்குப் பயந்த மனிசன் ஊசிக்குக் கையை நீட்டினார். என்னைக் கேட்டால் இரண்டிலும் அவர் செய்தது சரி. ஊசியில் என்ன கொழுப்பு, எவ்வளவு, கலத்துக்குள் போனபின் அது எப்படி உடைகிறது என்பதெல்லாம் எழுத்தில் இருந்தது. அதன் பிரதான பரிசோதனையில் 43 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் பங்குபற்றியிருந்தார்கள். அதிலுள்ள முக்கியமான கொழுப்பு இரத்தத்தில் ஏற்றமில்லாமல் இருந்து, கலத்துக்குள்ளே அமிலத்தன்மை கூடிய பையில் அகப்பட்டதும் நேரேற்றம் பெற்று, தான் சுமந்த சரக்கை (எம்.ஆர்.என்.ஏ.) வெளியே விட்டுவிட்டுக் காலப்போக்கில் சிதையும்படி செய்யப்பட்டது. நுழைவதும் சிதைவதும் திட்டத்திலேயே இருந்தன.

நனோ நல்லதா கூடாததா என்று கேட்பது, தூள் நல்லதா கூடாததா என்று கேட்பதைப் போன்றது. மிளகாய்த்தூளும் தூள், குரக்கன்மாவும் தூள், பூச்சிநாசினியும் தூள். 1 முதல் 100 நனோமீற்றர் வரை என்பது ஓர் அளவு மட்டும்தான். ஆனால் அந்த அளவு சும்மா அளவுமல்ல. ஒரு சென்ரிமீற்றர் கனக்கட்டி ஒன்றின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே 10 நனோமீற்றர் கட்டிகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீற்றர், இரண்டு பரப்புக் காணிக்கும் அதிகம். பொருள் ஒரு துளியும் கூடவில்லை, தொடுகிற இடம்தான் கூடியிருக்கிறது. கலத்தோடு நடக்கிற எல்லாமே தொடுகிற இடத்தில்தான் நடக்கிறது.

உள்ளே போனபிறகு நடப்பது பொருளுக்குப் பொருள் மாறும். கலம் துணிக்கையைப் பைபோல மடித்து உள்ளே எடுத்து, கடைசியில் லைசொசோம் என்ற தன் சமிபாட்டுப் பைக்கு அனுப்புகிறது. அங்கே பீ.எச். 5க்கும் கீழே இறங்கும். நாக ஒட்சைட்டு அந்தப் புளிப்பில் கரைந்து நாக அயன்களைக் கொட்டிவிடும். கலம் பெரும்பாலும் அதனால்தான் சாகிறது. வெள்ளி மெல்ல மெல்ல அயன் விடும். அந்த அயன் புரதங்களின் கந்தகத்தில் போய் ஒட்டும், கிருமியின் புரதமா எங்கள் தோற்கலத்தின் புரதமா என்று பார்க்காது. எரிகாயத்துக்குக் கட்டுகிற வெள்ளிப் பட்டியில் அளவு முக்கியமாவது அதனால்தான். பொன்னும் தைத்தானியம் ஈரொட்சைட்டும் அசையாமல் கிடக்கும். கிடப்பது எப்போதும் நிம்மதியல்ல. ரொபி, சூயிங்கம் வகைகளுக்கு வெள்ளை நிறம் கொடுக்கிற தைத்தானியம் ஈரொட்சைட்டை, மரபுப்பொருளுக்குச் சேதம் விளைவிக்காது என்று உறுதிசொல்ல முடியாது என்ற காரணத்துக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் உணவிலிருந்து விலக்கியது.

இனி உமிக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கிளிநொச்சி, பரந்தன் பக்கம் அரிசி ஆலை உள்ள இடமெல்லாம் உமிக்குவியல் உண்டு. நெல்லுக்குப் பஞ்சம் வந்தாலும் உமிக்குப் பஞ்சம் வராது. உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, மணலில் உள்ள அதே பொருள். அதனால் எங்கள் பக்கத்துப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குக் கடைசி வருட ஆய்வு என்றால் உமிச் சாம்பலில் நனோ சிலிக்கா எடுப்பது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. மூலப்பொருள் இலவசம், உலை ஒன்று இருந்தால் போதும். எடுத்த சிலிக்காவுக்கு மருந்து சுமக்கிற வேலை கொடுப்போம் என்று ஆய்வுமுன்மொழிவில் எழுதுவார்கள். அப்படி எழுதினால் அது கலத்துக்கு ஆபத்தில்லை என்றும் காட்டவேண்டும்.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருத்தி அப்படித்தான் செங்குருதிக் கலப் பரிசோதனை செய்தாள். எளிமையான பரிசோதனை அது. இரத்தத்தை உறையாத குழாயில் எடுத்து, சென்ரிபியூஜில் சுற்றி, மேலே நிற்கிற மஞ்சள் திரவத்தை ஊற்றிவிட்டு, உப்புக் கரைசலில் கலங்களைக் கழுவவேண்டும். ஒரு குழாயில் உப்புக் கரைசல் மட்டும், ஒன்றில் காய்ச்சிவடித்த நீர், மற்றவற்றில் சிலிக்கா. 37 பாகையில் வைத்துவிட்டுத் திரும்பச் சுற்றினால், உடையாத கலம் அடியில் சிவப்புப் பொட்டாக இருக்கும், மேலே தண்ணீர் தெளிவாக நிற்கும். உடைந்தால் மேலே முழுக்கச் செவ்வரத்தம் பூ நிறம். காய்ச்சிவடித்த நீர் விட்ட குழாயில் எல்லாக் கலமும் உடையும், அதுதான் 100 வீதம்.

அவளுடைய சிலிக்காக் குழாய்கள் நல்ல சிவப்பு. கழுவாத இரத்தத்தில், அதாவது அந்த மஞ்சள் திரவத்தை ஊற்றாமல் விட்ட இரத்தத்தில், அதே அளவு சிலிக்கா போட்ட குழாய்கள் தெளிவு. படத்தை வட்சப்பில் அனுப்பிவிட்டு உடனே அழைத்தாள். "அக்கா, ஒரே தூள், ஒரே ஆளின்ரை இரத்தம். ஒண்டில உடையுது, மற்றதில உடையேல்லை. எதை அக்கா எழுதிறது? சேர் கேட்டா நான் என்ன சொல்ல?"

இரண்டையும் எழுது என்றேன். வெறும் சிலிக்காவின் மேற்பரப்பில் உள்ள சிலனோல் கூட்டங்கள் (சிலிக்கனோடு ஒட்டிய ஒட்சிசன்-ஐதரசன் சோடிகள்) செங்குருதிக் கலச்சவ்வைக் கட்டியிருக்கிற பொசுபோலிப்பிட்டு என்ற கொழுப்பின் தலைகளில் நேரடியாகப் பிடித்துச் சவ்வைக் கிழிக்கும். அந்த மஞ்சள் திரவம், குருதித் திரவவிழையம், புரதம் நிறைந்தது. துணிக்கை அதில் விழுந்த கணமே புரதங்கள் அதைச் சுற்றிப் போர்த்திவிடும். பிறகு கலம் சந்திப்பது சிலிக்காவை அல்ல, அந்தப் போர்வையை. 2007இல் டப்ளினைச் சேர்ந்த கென்னத் டோசன், சுவீடனின் சாரா லின்சே ஆகியோரின் குழுக்கள் இதைப் புரத மகுடம் என்ற பெயரில் முன்வைத்த பிறகு, இந்தத் துறையில் பழைய முடிவுகள் பலவற்றை மறுபடி திருப்பிப் பார்க்கவேண்டி வந்தது. ஆகவே அவளுடைய இரண்டு குழாய்களும் சரி. இரத்தத்தில் ஏற்றப்படும் மருந்துத் துணிக்கை போர்வையோடு திரியும். ஆலையில் சாம்பல் அள்ளுகிற ஆளின் மூக்கால் போகிற துணிக்கை வெறும் மேலோடுதான் நுரையீரலில் போய் இறங்கும். அங்கே அதைப் போர்த்துவதற்கு இரத்தத்தில் இருக்கிற அளவு புரதம் இல்லை. ஒரே தூள் இரண்டு இடத்தில் இரண்டு பொருள்.

அவளிடம் நான் கேட்ட அடுத்த கேள்வி, எத்தனை பாகையில் எரித்தாய் என்பது. 600, 700 பாகைக்குள் எரித்தால் கிடைப்பது பளிங்குருவற்ற, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாத, சிலிக்கா. அதை விட்டு வெப்பம் ஏற ஏற அது கிறிஸ்ரோபலைற் என்ற பளிங்காக மாறத்தொடங்கும். எக்ஸ் கதிர் வரைபடத்தில் பார்த்தால் முதலாவதற்கு 22 பாகைக் கோணத்துக்குக் கிட்ட அகலமான மேடு, இரண்டாவதற்கு அதே இடத்தில் ஊசிபோல ஒரு முனை. கண்ணால் பார்த்தால் இரண்டும் வெள்ளைச் சாம்பல். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் சுவாசத்தோடு போகக்கூடிய பளிங்குச் சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்ற முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. பளிங்குருவற்றதை வகைப்படுத்த முடியாது என்ற மூன்றாம் தொகுதியில். பளிங்குத் துணிக்கையை நுரையீரலின் விழுங்கு கலம் விழுங்கினால் லைசொசோம் கிழிந்து, அழற்சிக்கு மணியடிக்கிற புரதக்கூட்டம் ஒன்று எழும்பும் என்பதை 2008இல் காட்டினார்கள். என் கவலை ஆய்வுகூடத்து உலையைப் பற்றியதல்ல, அங்கே பாகை எழுதிவைத்திருக்கும். ஆலைக் கொதிகலனின் வாயில் என்ன பாகை என்று யாரும் எழுதிவைப்பதில்லை. அங்கே சாம்பல் அள்ளுபவர் தலையில் ஒரு துவாயைக் கட்டியிருப்பார், மூக்கில் ஒன்றும் இருக்காது. (உமிக்கரியால் பல் தீட்டி வளர்ந்த பரம்பரைக்கு இது சிரிப்பாக இருக்கலாம். வாயில் தீட்டுகிற கரி வேறு, மூக்கால் போகிற பொடிச்சாம்பல் வேறு.)

இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது பரிசோதனையைச் சந்தேகிக்கத்தான். கலம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்கச் செய்கிற சோதனை எம்.ரி.ரி. மஞ்சள் சாயம் ஒன்றை விட்டால் உயிருள்ள கலம் அதை ஊதாப் பளிங்காக மாற்றும். பளிங்கைக் கரைத்து நிறத்தை அளந்தால் எத்தனை கலம் உயிரோடு இருக்கின்றன என்று தெரியும். 1983இல் வந்த முறை, மலிவு, ஒரு தட்டில் 96 குழிகள். மருந்துகளுக்கு அது அருமையாக வேலை செய்யும். 2006இல் ஜேர்மனியில் ஹரால்ட் குரூக் குழுவினர் காபன் நனோகுழாய்களை (காபன் அணுக்களால் ஆன மிக மெல்லிய குழாய்கள்) நுரையீரல் கலங்களில் போட்டு எம்.ரி.ரி. செய்தபோது, 24 மணித்தியாலத்தில் பாதிக்கலம் செத்ததுபோல வந்தது. அதே கலங்களை வேறொரு சாயத்தால் சோதித்தால் ஒன்றும் சாகவில்லை. ஊதாப் பளிங்கு நனோகுழாயோடு ஒட்டிக்கொண்டு கரையாமல் நின்றிருக்கிறது. கருவி அதைச் சாவாக எண்ணியிருக்கிறது. பொன் துணிக்கைகளில் வேறு தொல்லை: அவையே சிவந்த நிறம், கருவி வாசிக்கிற நிறத்துக்குக் கிட்ட. அங்கே செத்த கலமும் உயிரோடு இருப்பதாகத் தெரியலாம். எங்கள் உமிச் சிலிக்காவிலும் பொறி இருக்கிறது. உடைந்த கலத்திலிருந்து வருகிற ஈமோகுளோபினைச் சிலிக்காவே உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிட்டால், மேலே தெளிவாகத்தான் தெரியும். ஈமோகுளோபினையும் சிலிக்காவையும் மட்டும் கலந்து சுற்றிப் பார்க்காமல் "பாதுகாப்பானது" என்று எழுதிய அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று பக்ரீரியா நஞ்சு. தண்ணீரில் வாழ்ந்து செத்த பக்ரீரியாக்களின் சவ்விலிருந்து வருகிற எண்டோரொக்சின், ஒட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில், அவித்தாலும் போகாது. கண்ணாடிப் பாத்திரமானால் 250 பாகையில் சுடவேண்டும். நனோ துணிக்கையின் அகன்ற மேற்பரப்பு அதை ஆசையோடு பிடித்துக்கொள்ளும். பிறகு கலம் அழற்சி காட்டினால் பழி துணிக்கைமேல் விழும். தண்ணீர் வசதி குறைந்த எங்கள் ஆய்வுகூடங்களில் இதைக் கட்டாயம் பார்க்கவேண்டும், பெரும்பாலும் பார்ப்பதில்லை.

வடிவம் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் வன்னியில் அது தலைக்கு மேலே இருக்கிறது. 2008இல் எடின்பரோவில் கென் டொனால்ட்சன் குழுவினர் எலிகளின் வயிற்றறைக்குள் காபன் நனோகுழாய்களைப் போட்டுப் பார்த்தார்கள். சுருண்டு குறுகிய குழாய்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நீண்டு நேரான குழாய்கள் கல்நார் (அஸ்பெஸ்ரஸ்) இழை செய்வதையே செய்தன, அழற்சியைக் கிளப்பின. காரணம் காபன் அல்ல, நீளம். 15, 20 மைக்ரோமீற்றருக்கு மேல் நீண்ட, கரையாத இழையை விழுங்கு கலத்தால் முழுதாக விழுங்க முடியாது. பாதி உள்ளே, பாதி வெளியே என்று நின்று, தன் எரிசாறுகளைச் சுற்றிவரக் கக்கிக்கொண்டே இருக்கும். 2014இல் புற்றுநோய் நிலையம் நனோகுழாய்களில் ஒரேயொரு வகையை மட்டும் ஒருவேளை புற்றுநோய் தரக்கூடியது என்று பெயர் சொல்லிப் பிரித்தது. மற்றவற்றுக்குச் சான்று போதாது என்றது. பல்லிலும் எலும்பிலும் உள்ள அதே ஐதரொட்சியபற்றைற் தாதுகூட, ஊசிவடிவ நனோவாக இருந்தால் பற்பசையில் வேண்டாம் என்றும், கோல்வடிவமானால் ஒரு வரம்புக்குள் பாதகமில்லை என்றும் ஐரோப்பியக் குழு சொல்லியிருக்கிறது.

நனோகுழாய் இங்கே யார் வீட்டிலும் இல்லை. கல்நார் எல்லார் வீட்டிலும் இருந்தது. மீள்குடியேறியபோது தறப்பாளுக்குப் பிறகு கூரையாக வந்தது தகரம், அதற்குப் பிறகு கல்நார் கலந்த சீமெந்துச் சீற். சன்னம் துளைத்த பழைய சீற்றையும் எறியாமல் கொண்டுவந்து போட்டவர்கள் உண்டு. கூரையில் முழுதாகக் கிடக்கிற சீற் பெரிய ஆபத்தல்ல. சீமெந்து இழையைப் பிடித்து வைத்திருக்கிறது. கிறைண்டரால் காயக்காய வெட்டும்போது எழும்புகிற புகைபோன்ற தூள்தான் விஷயம். அது தருகிற புற்றுநோய் 20, 30, 40 வருடம் கழித்து வரும், வெட்டியவர் அதை மறந்துபோய் இருக்கும் காலத்தில். போத்தலில் நனோ என்று கண்டதும் எனக்கு அழைப்பு எடுக்கிற எங்கள் சனம், சீற் வெட்டும்போது பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடிக்கிறது.

இன்னும் மோசமானது உடைந்த துண்டுகள். மாரியில் ஒழுங்கை சேறாகும்போது, கழற்றிய சீற்றை உடைத்துக் கிடங்கில் போட்டு நிரப்புகிறார்கள். சைக்கிள் ஏறும், மோட்டார்சைக்கிள் ஏறும், லான்ட்மாஸ்டர் ஏறும். கோடையில் அந்த இடம் வெள்ளையாகப் பொடியாகியிருக்கும், பிள்ளைகள் அதற்குமேல் கிரிக்கெட் அடிக்கும். போன முறை வீட்டுக்குப் போனபோது எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஓரிடம். பெரியப்பாவும் நானும் தண்ணீரை அடித்து நன்றாக நனைத்து, துண்டுகளைப் பொறுக்கிப் பொலித்தீன் பையில் இரட்டையாகக் கட்டி, வளவின் பின்பக்கம், கிணற்றுக்குத் தூரத்தில், ஆழமாக வெட்டித் தாட்டோம். முகத்தைக் கட்டச் சொன்னதற்கு அவர் முறைத்துவிட்டுக் கட்டினார். கிடங்குக்குக் கிரவல் போட்டிருக்கிறது. மற்ற வீடுகளில் கழற்றி அடுக்கிவைத்திருக்கிற சீற்றுகளுக்கு ஒரு வழி கேட்டுப் பிரதேச சபைக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். ஒழுங்கையில் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள், இரண்டு பேரைத் தவிர. அவர்களுக்கு அந்தச் சீற் கோழிக்கூட்டுக்கு வேணுமாம்.